ஒரு டாலர் பெயரும் இரண்டு வருடப் பயிற்சியும்: ஜாப்பா அஞ்சலிக் கச்சேரிகளின் வரவு செலவு

ஃபிராங்க் ஜாப்பாவின் மூத்த மகன் டுவீசில் பிறந்தது 1969 செப்டம்பர் 5. அப்பாவின் 'ஹாட் ராட்ஸ்' இசைத்தட்டு வெளியானது அதே ஆண்டு அக்டோபர் 10. இடையில் 35 நாள். அந்தத் தட்டைக் கைக்குழந்தை டுவீசிலுக்கே காணிக்கையாக்கியிருந்தார் ஃபிராங்க். அதன் முதல் உருப்படி 'பீச்சஸ் என் ரெகேலியா'. 3 நிமிடம் 38 விநாடி, பாடல் வரி இல்லாத வாத்திய இசை. இதே உருப்படியை மேடையில் வாசித்ததற்காக 2009இல் டுவீசிலின் குழு கிராமி விருது பெற்றது. ராக் வாத்திய இசைக்கான பிரிவு அது. 21 ஆண்டு முன்னால், 1988இல், 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்' தட்டுக்காக அப்பா கிராமி வாங்கியதும் அதே பிரிவில்தான்.

தொட்டில் பிள்ளையாகப் பெற்ற காணிக்கையை மகன் 39 வயதில் விருதாகத் திருப்பிக் கொடுத்தார் என்று இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த 39 ஆண்டில் என்னென்ன செலவானது, யார் செலவழித்தார்கள், யாருக்கு வரவு போனது என்று ஒரு பேரேடு போட்டுப் பார்த்தால்தான் அந்த வரியின் கனம் தெரியும். மறைந்த இசைக்கலைஞருக்கு அஞ்சலிச் சுற்றுப்பயணம் என்றதும் பேருந்து, ஒலிபெருக்கி, அரங்க வாடகை, ஓட்டல் அறை ஆகியவைதான் செலவு என்று நினைக்கிறோம். ஜாப்பா கணக்கில் அவையெல்லாம் சில்லறை. பெரிய பற்று இரண்டு. ஒன்று பயிற்சி நேரம். மற்றது பெயர்.

முதலில் சரக்கிருப்பைப் பார்த்துவிடுவோம். ஃபிராங்க் ஜாப்பா 1940 டிசம்பர் 21இல் பால்டிமோரில் பிறந்தார். புரோஸ்டேட் புற்றுநோயால் 1993 டிசம்பர் 4இல் இறந்தார். 53ஐத் தொட 17 நாள் பாக்கி. முதல் தட்டு 'ஃப்ரீக் அவுட்!' 1966 ஜூனில் வந்தது. அதிலிருந்து இறக்கும்வரை அவர் வெளியிட்டவை 62. ஏறக்குறைய 27 ஆண்டு 5 மாதத்தை 62ஆல் வகுத்தால் 5.3 மாதத்துக்கு ஒரு தட்டு. அவர் சேர்த்துவைத்த ஒலிநாடாப் பெட்டகத்திலிருந்து பின்னால் எடுத்து வெளியிட்டவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை எப்போதோ 100ஐத் தாண்டிவிட்டது.

இவ்வளவு சரக்கில் அமெரிக்க வானொலிக்குப் பழகியது எத்தனை? முதல் 40 இடங்களுக்குள் நுழைந்த ஒற்றைப் பாட்டு ஒன்றே ஒன்று: 1982இல் மகள் மூன் குரல் கொடுத்த 'வேலி கேர்ள்', 32ஆம் இடம். தட்டுகளில் மிக உயரம் ஏறியது 1974இன் 'அப்பாஸ்ட்ரஃபி', 10ஆம் இடம். அஞ்சலிக் கச்சேரி நடத்துபவருக்கு இது சங்கடமான இருப்பு. வேறு ராக் பாடகருக்கு அஞ்சலி என்றால் எல்லோருக்கும் தெரிந்த பத்துப் பாட்டு கையில் இருக்கும். சுருதி சற்று விலகினாலும் அரங்கமே கூடப் பாடி மூடிவிடும். ஜாப்பாவின் மேடையில் அந்தத் துணை கிடையாது. வாசித்தால்தான் உண்டு.

வாசிப்பதும் லேசான காரியமில்லை. 'கீப் இட் கிரீஸி' என்ற பாட்டின் பின்னணி 19/16, 21/16 என்ற கணக்குகளில் ஓடுகிறது. 'தி பிளாக் பேஜ்' என்ற உருப்படியின் பெயருக்குக் காரணமே, சுரக்குறிகள் நெருங்கி நெருங்கிக் காகிதம் கறுத்துப்போனதுதான். மிருதங்கம் கற்ற தமிழ் வாசகருக்கு ஒற்றைப்படைக் கணக்கு புதிதல்ல. சங்கீர்ண நடையும் மிஸ்ர நடையும் தெரிந்த கை இதைக் கேட்டு மிரளாது. ஜாப்பாவும் அந்தப் பக்கத்துக் கையைத் தேடி வந்தவர்தான். சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர் 1978 அக்டோபரில் நியூயார்க் பலேடியம் அரங்கில் ஜாப்பாவின் குழுவோடு சேர்ந்து வாசித்தார். அடுத்த ஆண்டு வந்த சங்கரின் 'டச் மீ தேர்' தட்டைத் தயாரித்தவர் ஜாப்பா. 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனின் தம்பி இந்தச் சங்கர். தமிழ் வீட்டிலிருந்து ஜாப்பா வீட்டுக்குப் போன இந்தக் கோட்டை நம் பத்திரிகைகள் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் வருத்தம்.

அஞ்சலியின் செலவை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அது ஃபிராங்கே நடத்திய கடைசி ராக் சுற்றுப்பயணம். 1988 பிப்ரவரி 2, அமெரிக்காவின் ஆல்பனியில் தொடங்கியது. ஜூன் 9, இத்தாலியின் ஜெனோவாவில் முடிந்தது. 81 கச்சேரி. மேடையில் ஃபிராங்கையும் சேர்த்து 12 பேர், அவர்களில் 5 பேர் ஊதுகருவிக்காரர்கள். கிளம்பும் முன் ஒத்திகைக்கு மட்டும் 4 மாதம். பாட்டுப் பட்டியல் 100க்கும் மேல். இரவுக்கு இரவு வரிசை மாறும்.

ஒத்திகைக்கும் ஃபிராங்க் சம்பளம் கொடுத்தார். அவரைத் தவிர்த்து 11 பேர், 4 மாதம்: முதல் டிக்கெட் கிழிபடும் முன்பே 44 ஆள்-மாதச் சம்பளம். முடிவில் நஷ்டம் 4,00,000 டாலர். 81ஆல் வகுத்தால் இரவுக்கு 4,938 டாலர். டிக்கெட் ஒன்று 20 டாலர் என்று வைத்துக்கொண்டால், நஷ்டமில்லாமல் நடத்த ஒவ்வோர் இரவும் இன்னும் 247 பேர் வந்திருக்க வேண்டும். குழுவுக்குள் பாஸ் கிதார் கலைஞரோடு மற்றவர்களுக்குப் பூசல் முற்றியது. அவரை நீக்க ஃபிராங்க் சம்மதிக்கவில்லை. மீதிக் கச்சேரிகளை ரத்துசெய்து குழுவையே கலைத்தார். அந்த ஒரு சுற்றிலிருந்து அவர் காலத்திலேயே மூன்று தொகுப்புகள் வெளிவந்தன. பணத்தில் நஷ்டம், ஒலிநாடாவில் லாபம். ஃபிராங்க் கடைசிவரை வைத்துக்கொண்ட கணக்கு முறை இதுதான்.

1993க்குப் பிறகு 12 ஆண்டுக்கும் மேல் இந்த இசையை மேடையில் உயிரோடு வைத்தவர்கள் பழைய குழுவினரும் ரசிகர்களும்தான். கிழக்கு ஜெர்மனியின் பாட் டோபெரான் என்ற சிற்றூரில் 1990 முதல் 'ஜாப்பனாலே' என்ற திருவிழா நடக்கிறது. 2002இல் அங்கே ஜாப்பாவுக்கு மார்பளவுச் சிலையும் வைத்தார்கள். இந்தத் திருவிழாவின் மேல் ஜாப்பா குடும்ப அறக்கட்டளை போட்ட வழக்கை டூசல்டார்ஃப் நீதிமன்றம் 2009 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அதே குளிர்காலத்தில்தான் மகனுக்குக் கிராமி கிடைத்தது.

இனி மகனின் பேரேடு. டுவீசில் கிதாரில் சிறுவயதிலிருந்தே கை பழகியவர், பெயர் வாங்கியவர். ஆனாலும் அப்பாவின் இசையை மேடையேற்றத் தீர்மானித்தபோது ஏறக்குறைய 2 ஆண்டு அதற்கென்றே உட்கார்ந்து படித்தார். வலக்கையின் மீட்டும் முறையையே மாற்றிக்கொண்டார். முப்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு கலைஞர் பழகிய கையை மறந்து புதுக் கையைப் பழகுவது எவ்வளவு கடினம் என்று வாத்தியம் வாசிக்கும் எவரும் சொல்வார்கள். 'இன்கா ரோட்ஸ்' போன்ற உருப்படிகளில் ரூத் அண்டர்வுட் மரிம்பாவில் வாசித்த வேகமான சுர வரிசைகளைக் கிதாருக்கு மாற்றிக் கற்றார். மரிம்பாவில் இரண்டு கையிலும் குச்சி பிடித்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் அடிப்பதை, ஆறு தந்தியில் தாண்டித் தாண்டிப் பிடிக்க வேண்டும். கிதாருக்காக எழுதப்படாத இசை அது.

நாளுக்கு 5 மணி நேரம் என்று குறைத்தே வைப்போம். 2 × 365 × 5 = 3,650 மணி. கச்சேரி ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் என்றால், முதல் கச்சேரிக்கு முன்பே 1,460 கச்சேரிக்கான நேரம் செலவாகிவிட்டது. இந்த 3,650 என் மதிப்பீடு. அந்த 2 ஆண்டு டுவீசில் சொன்னது. இந்தப் பற்றுக்கு யாரும் ரசீது தருவதில்லை. எந்த அரங்கமும் இதற்கு முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் இது இல்லாமல் மற்ற எந்தச் செலவுக்கும் பொருளில்லை.

2006 மே மாதம் ஐரோப்பாவில் 'ஜாப்பா பிளேஸ் ஜாப்பா' கிளம்பியது. டுவீசிலோடு நிரந்தரக் குழுவில் 7 பேர். விருந்தினர் 3 பேர்: கிதாருக்கு ஸ்டீவ் வை, டிரம்ஸுக்கு டெரி போசியோ, பாட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நெப்போலியன் மர்ஃபி பிராக். மூவரும் ஃபிராங்கிடமே வேலை பார்த்தவர்கள். டுவீசிலின் யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது: பெரும்பாலும் இளைய கைகள், வழிகாட்டப் பழையவர்கள் சிலர். பழையவர்களை மட்டும் சேர்த்திருந்தால் அது ஒரு மறுசந்திப்பாக முடிந்திருக்கும். இசை அடுத்த தலைமுறைக்குக் கைமாறியிருக்காது. குழுவில் ஷீலா கொன்சாலெஸ் ஒருவரே சாக்ஸபோன், புல்லாங்குழல், விசைப்பலகை, குரல் என நான்கு வேலை செய்தார். ஃபிராங்க் 1988இல் ஊதுகருவிக்கு மட்டும் 5 பேர் வைத்திருந்ததை இதோடு ஒப்பிடுங்கள். அஞ்சலிக் குழுவுக்கு அந்த வசதி கட்டாது. ஆள் குறைந்தால் ஒவ்வோர் ஆளுக்கும் வேலை கூடும்.

கருவிகளிலும் இதே சிக்கனம். ஃபிராங்கின் கிதார் ஒலி தட்டுக்குத் தட்டு வேறுபடும். 1969இன் ஒலி வேறு, 1974இன் ஒலி வேறு. ஒரே இரவில் இரண்டும் வேண்டுமென்றால் பழைய முறைப்படி பெட்டிபெட்டியாகச் சாமான் ஏற்ற வேண்டும். டுவீசில் பின்னாளில் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்ற எண்முறை ஒலிக்கருவிக்கு மாறினார். ஒவ்வொரு பாட்டுக்குமான ஒலியை உருவாக்கி அதில் சேமித்துக்கொண்டார். லாரியின் பாரம் குறைந்தது, வீட்டில் உட்கார்ந்து ஒலி தேடும் மணிகள் கூடின. சரக்குக் கூலி மறுபடியும் நேரமாக மாறிப் பற்றில் ஏறியது.

அடுத்த பற்று, பெயர். இதைத்தான் நான் அதிக வேதனையோடு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கச்சேரி அரங்கங்கள் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளுக்குப் பொது உரிமக் கட்டணம் கட்டுகின்றன. மேடையில் யார் யாருடைய பாட்டைப் பாடினாலும் அந்தக் கட்டணத்திலிருந்து பாட்டின் உரிமையாளருக்குப் பங்கு போகும். ஜாப்பா குடும்ப அறக்கட்டளையின் நிலைப்பாடு வேறாக இருந்தது: பொது உரிமம் போதாது, தனி அனுமதி வேண்டும். 'ஜாப்பா பிளேஸ் ஜாப்பா' என்ற பெயரும் அப்போது அறக்கட்டளையின் வணிகக்குறிதான். டுவீசிலின் தாய் கெயில் 2015 அக்டோபரில் இறந்தார். அறக்கட்டளைக்குப் பெரும் கடன் இருந்தது. பிள்ளைகள் நால்வருக்கும் அதன் பங்கு இப்படிப் பிரிந்தது:

அஹ்மெட் — 30 சதவீதம்
டிவா — 30 சதவீதம்
மூன் — 20 சதவீதம்
டுவீசில் — 20 சதவீதம்

நிர்வாகம் இளையவர்களான அஹ்மெட், டிவா பக்கம் போனது. 2016இல் டுவீசிலுக்கு எச்சரிக்கை வந்தது: அனுமதியில்லாமல் வாசித்தால் 1,50,000 டாலர் வரை இழப்பீடு. இந்த எண் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வருவது; தெரிந்தே மீறினால் ஒரு படைப்புக்கு அதிகபட்சம் அவ்வளவு கேட்கலாம். ஒரு கச்சேரியில் 20 உருப்படி என்றால் 20 × 1,50,000 = 30,00,000 டாலர். 1988 சுற்று முழுவதும் தந்த நஷ்டம் இதில் மூன்று பாட்டுக்குக்கூட வராது.

இதே விவகாரத்தில் இன்னோர் எண்ணும் வந்தது. பெயரைப் பயன்படுத்த ஆண்டுக்கு 1 டாலர் போதும் என்று தான் முன்வந்ததாக அஹ்மெட் வெளிப்படையாக எழுதினார். கச்சேரியில் விற்கும் பனியன் முதலான சரக்கின் பணம்தான் பிரச்சினை, அதில் தன் பங்கு தனக்கு வரவில்லை என்றார் டுவீசில். சுற்றுப்பயணக் குழுக்களுக்கு இந்த வரவு சாதாரணமானதல்ல. பல இரவுகளில் டிக்கெட் பணம் செலவோடு சரியாகப் போய்விடும், கையில் நிற்பது பனியன் காசுதான். ஆகவே 1 டாலர் என்ற எண்ணையும் 1,50,000 டாலர் என்ற எண்ணையும் மட்டும் பார்த்து யார் பக்கம் நியாயம் என்று சொல்லிவிட முடியாது. கடனோடு நின்ற அறக்கட்டளைக்கும் வரவு வேண்டும். ஆனாலும் என் தீர்ப்பைச் சொல்லாமல் விட மனமில்லை. மேடையில் வாசிக்கப்படும் ஒவ்வோர் இரவும் அந்த இசைக்குப் புதிதாகச் சில காதுகளைக் கொண்டுவருகிறது. தட்டு விற்பனையும் பாட்டுரிமை வரவும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. வாசிக்கும் கையைத் தடுத்தால் அறக்கட்டளையின் சொத்துதான் முதலில் வறளும்.

டுவீசில் பெயரை 'டுவீசில் ஜாப்பா பிளேஸ் ஃபிராங்க் ஜாப்பா' என்று மாற்றினார். அதற்கும் ஆட்சேபம் வந்தது. பிறகு, தனக்குப் பிடித்ததை வாசிப்பேன் என்ற பொருளில், வசைச்சொல்லும் கலந்த ஒரு நீண்ட பெயரில் சுற்றினார். பத்தாண்டு உழைத்து ரசிகர் மனத்தில் பதியவைத்த பெயரை இழப்பது ஒரு செலவு. சுவரொட்டி, அறிவிப்பு, அரங்கப் பதிவு எல்லாவற்றிலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2018இல் உடன்பிறப்புகள் நால்வரும் சமரசத்துக்கு வந்தார்கள்.

2019 ஏப்ரலில் இன்னொரு வகை அஞ்சலியும் கிளம்பியது: 'தி பிசார் வேர்ல்ட் ஆஃப் ஃபிராங்க் ஜாப்பா'. மேடையில் ஃபிராங்கின் ஹாலோகிராம் உருவம், சுற்றிலும் அவருடைய பழைய குழுவினரான ரே வைட், மைக் கெனிலி, ஸ்காட் தூன்ஸ், ராபர்ட் மார்ட்டின், எட் மேன் போன்றவர்கள். 1974இல் லாஸ் ஏஞ்சலிஸில் படமாக்கிப் பெட்டகத்தில் கிடந்த ஒத்திகையின் குரலும் கிதாரும் 45 ஆண்டு கழித்து மேடைக்கு வந்தன. டுவீசில் அதில் இல்லை. கூடவே வாசித்தவர்கள் உண்மையான கலைஞர்கள், அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவுக்கு இரவு பாட்டின் வரிசையையும் வேகத்தையும் கைச்சைகையால் மாற்றிய மனிதருக்கு, 1974இல் பதிந்த அசைவுக்குக் கட்டுப்பட்டு வாசிக்கும் அஞ்சலி எப்படிப் பொருந்தும்? இரண்டு முறைகளில் எனக்கு மகனுடையதே மேல்.

சொத்துக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஃபிராங்க் இறந்த மறு ஆண்டே, 1994இல், தட்டுகள் அனைத்தும் ரைகோடிஸ்க் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 2012இல் அறக்கட்டளையிடம் திரும்பி வந்தன. 2016இல் லாரல் கேன்யனில் குடும்பம் வாழ்ந்த வீடும் ஒலிப்பதிவுக்கூடமும் பாடகி லேடி காகாவுக்கு 52,50,000 டாலருக்குக் கைமாறின. அதே ஆண்டு, பெட்டகத்தைக் காப்பாற்றவும் ஆவணப்படம் எடுக்கவும் இயக்குநர் அலெக்ஸ் வின்டர் பொதுமக்களிடம் நிதி கேட்டார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 11 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். தலைக்கு ஏறக்குறைய 130 டாலர். படம் 2020இல் வந்தது. 2022 ஜூனில் பாட்டு, பதிவு, படம், பெட்டகம், பெயர், உருவம் எல்லாவற்றையும் யுனிவர்சல் மியூசிக் குழுமம் வாங்கியது. விலையை வெளியிடவில்லை. பேரேட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலி.

நம் ஊரிலும் மறைந்த இசையமைப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் அஞ்சலிக் கச்சேரிகள் நடக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரவு செலவு எழுதும்போது ஒத்திகைக்கு ஒரு தனிக் கட்டம் போடுங்கள். வாத்தியக்காரர்களுக்கு ஒத்திகை நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். 4,00,000 டாலர் இழந்த மனிதர்கூட அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை.

டுவீசில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். 'அப்பாஸ்ட்ரஃபி', 'ராக்ஸி அண்ட் எல்ஸ்வேர்' ஆகிய இரண்டு தட்டுகளுக்கும் 50 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட 2024இல் அமெரிக்கா முழுக்க வாசித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 5இல் அவருக்கு 55 வயது ஆனது. அப்பா 53ஐத் தொடவில்லை.